புது அலுவலகத்துக்கு மாறினால் என்ன லாபம்? தொழில்முறை நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வழக்கறிஞர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், கட்டட வடிவமைப்பாளர்கள், ஆலோசகர்கள் என அறிவையும் நேரத்தையும் விற்கும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது இது. பத்துப் பேர் முதல் நூறு பேர் வரை வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இதில் உள்ள அளவுகள் பொருந்தும். ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் அலுவலகத்துக்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

இடம் மாறுவதால் உண்மையில் கிடைக்கும் நன்மை என்ன?

நேரம்தான் முதல் நன்மை. கோப்பைத் தேடும் நேரம், மீட்டிங் ரூம் காலியாகும் வரை காத்திருக்கும் நேரம், பக்கத்து மேசைப் பேச்சால் கவனம் சிதறி மறுபடி வேலைக்குள் போக ஆகும் நேரம், கூட வேலை செய்பவரைப் பார்க்க மாடி ஏறி இறங்கும் நேரம் என்று பழைய அலுவலகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகிறது. இவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனிச் செலவாக வருவதில்லை. அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை.

அடுத்தது நம்பிக்கை. கட்சிக்காரர் தன் சொத்துத் தகராறைச் சொல்லும்போது அடுத்த அறையில் யாரோ பேசுவது கேட்டால், தன் குரலும் அங்கே கேட்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு பாதியைத்தான் சொல்வார். நல்ல ஆட்களை வேலைக்கு எடுப்பதும் இருப்பவர்களைத் தக்கவைப்பதும் இதற்கு அடுத்துத்தான் வருகின்றன. வாடகை மிச்சமாவது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டடம் மாறினால் மட்டும் இவை எதுவும் வராது. பழைய மேசை வரிசை, பழைய அலமாரிகள், பழைய பழக்கம் அத்தனையையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனால், புதுச் சுவர்களுக்குள் அதே அலுவலகம்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க இடமாற்றம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. அப்படிப்பட்ட வாய்ப்பு ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

புது இடத்தில் வாடகை கூடுதலாக இருக்கிறதே. அப்போதும் லாபமா?

ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்பதை மட்டும் பார்க்கும் வரை இதற்கு விடை கிடைக்காது. இரண்டு கட்டடங்கள், இரண்டிலும் 5,000 சதுர அடி என்கிறார்கள். முதலாவதில் சதுர அடிக்கு 50, இரண்டாவதில் 45. இரண்டாவது மலிவாகத் தெரிகிறது. ஆனால் முதல் கட்டடத்தில் அந்த 5,000-இல் 80 சதவீதம், அதாவது 4,000 சதுர அடி உங்கள் கதவுக்குள் கிடைக்கிறது. இரண்டாவதில் 65 சதவீதம்தான், 3,250 சதுர அடி. மீதி லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை, பொதுக் கழிப்பறை. கதவுக்குள் கிடைக்கும் கார்ப்பெட் ஏரியாவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 62.50, இரண்டாவது 69.20. மலிவு என்று நினைத்ததுதான் விலை அதிகம்.

பழைய இடத்தோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். சதுர அடி விலை 20 சதவீதம் கூடி, தேவைப்படும் பரப்பு 30 சதவீதம் குறைந்தால் மொத்த வாடகை 16 சதவீதம் குறையும். பரப்பு குறைவது கோப்புகள் குறைவதாலும் வீணான மூலைகள் இல்லாத தளத்தாலும் நடக்கும். ஆட்களை நெருக்கி உட்கார வைத்துக் குறைத்தால் அது மிச்சமாகாது.

வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், உள் அலங்கார வேலை, இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் இரட்டை வாடகை, பழைய இடத்தைச் சீர்செய்து ஒப்படைக்கும் செலவு, பெயர்க்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, பிறகு தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். இதுதான் ஒப்பிட வேண்டிய எண்.

இப்போது மறுபக்கம். வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கும்படி வேலை செய்பவர்கள் 30 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம் வீணாவது நின்றால், 220 வேலை நாளில் ஒருவருக்கு 55 மணி நேரம், 30 பேருக்கு 1,650 மணி நேரம். இது முழுவதும் கட்டணமாக மாறும் என்று நம்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்குதான் மாறும் என்று வைத்தாலும் 550 மணி நேரம். அதை உங்கள் மணிக் கட்டணத்தால் பெருக்கி, கூடுதல் வாடகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல நிறுவனங்களுக்கு முடிவு அந்த ஒரு வரியிலேயே தெளிவாகிவிடும்.

எப்போது மாறக் கூடாது?

பங்குதாரர்களுக்குள் பிரிவு அல்லது வேறொரு நிறுவனத்தோடு இணைப்பு பற்றிப் பேச்சு நடக்கும்போது மாறக் கூடாது. ஆண்டில் பாதிக்கு மேல் வருமானம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்து, அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நிற்கும்போதும் கூடாது. பிரச்சினை ஏ.சி.யிலும் நாற்காலியிலும் மட்டும் இருந்தால் அதை இருக்கும் இடத்திலேயே சரிசெய்யலாம். அதற்காக எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியதில்லை.

எவ்வளவு காலம் முன்பு தொடங்க வேண்டும்?

நாற்பது, ஐம்பது பேர் அலுவலகத்துக்குப் பழைய ஒப்பந்தம் முடிவதற்கு 12 முதல் 18 மாதம் முன்பு. மிகையாகத் தோன்றினால் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இடம் தேடவும் பேரம் பேசவும் மூன்று, நான்கு மாதம். ஒப்பந்த வாசகம் இறுதியாக ஒன்று, இரண்டு மாதம். வரைபடமும் அனுமதிகளும் இரண்டு மாதம். உள்வேலை மூன்று, நான்கு மாதம். சோதித்துப் பார்க்கவும் குறை தீர்க்கவும் ஒரு மாதம். மேலே ஒன்றிரண்டு மாதம் கையிருப்பு இருக்க வேண்டும்.

முன்கூட்டியே தொடங்குவதில் இன்னொரு பலனும் உண்டு. நேரம் கையில் இருந்தால் பழைய கட்டட உரிமையாளரும் வாடகையில் இறங்கி வருவார். மூன்று மாதம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த உரிமையாளரும் அசைய மாட்டார். பழைய ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கான முன்னறிவிப்பு எத்தனை மாதம், எழுத்தில் எப்படித் தர வேண்டும் என்பதை முதல் நாளே படித்து வையுங்கள். அந்தத் தேதி தவறினால் ஒப்பந்தம் தானாக நீளும்படி எழுதியிருப்பது அரிதல்ல.

எத்தனை சதுர அடி தேவைப்படும்?

மீட்டிங் ரூம், வரவேற்பறை, கோப்பறை, சாப்பாட்டு இடம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 90 முதல் 120 சதுர அடி கார்ப்பெட் ஏரியா நடைமுறையில் போதும். பெரும்பாலானோருக்குத் தனி அறை தரும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு 150-க்கு மேல் போகும். மேசை 1,400 மி.மீ. நீளம், 700 மி.மீ. அகலம். நாற்காலியைப் பின்னே தள்ள ஒரு மீட்டராவது இடம். முக்கிய நடைபாதை 1.5 மீட்டர். மீட்டிங் ரூமுக்கு ஒரு நாற்காலிக்கு 25 சதுர அடி என்று வைத்தால் எட்டுப் பேர் அறைக்கு 200 சதுர அடி ஆகும்.

வீட்டிலிருந்தும் வேலை செய்யும் வழக்கம் இருந்தால் மேசை எண்ணிக்கையில் பலர் தவறிவிடுகிறார்கள். ஐம்பது பேரில் சராசரியாக 28 பேர் வருகிறார்கள் என்று 30 மேசை போடுவார்கள். எல்லோரும் கூடும் செவ்வாய்க்கிழமை 41 பேர் வந்து நிற்பார்கள். நான்கு வாரம் தினமும் தலையை எண்ணுங்கள். அதிகம் பேர் வந்த நாளுக்கு மேசை போடுங்கள், சராசரியை மறந்துவிடுங்கள்.

மீட்டிங் ரூம்களைப் பொறுத்தவரை பெரியது ஒன்று, சின்னது பல என்பதே சரி. பன்னிரண்டு பேர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து காணொளி அழைப்பு பேசுவதைத்தான் எல்லா அலுவலகத்திலும் பார்க்கிறோம். இரண்டு பேர், நான்கு பேர் அறைகளைக் கூட்டினால் இந்த நெருக்கடி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லோரும் ஒரே திறந்த கூடத்தில் உட்கார்ந்தால் கூட்டு வேலை வளரும் என்கிறார்களே?

அப்படி நினைத்துத்தான் பலர் சுவர்களை இடித்தார்கள். எத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனத் தலைமையகங்களில் ஊழியர்களுக்கு உணர்கருவி அணிவித்து அளந்தது. நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் கண்ணும் காதும் தன்மீது இருக்கும்போது மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

அதற்காக எல்லோரையும் அறைக்குள் அடைப்பதும் தீர்வல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களை வைத்துக் கண்டது இன்றும் உதவும். இருவர் மேசைக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது. சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. ஆகவே யார் யாரோடு தினமும் பேச வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள், அவர்களை அருகே வையுங்கள், அதன் பிறகு சுவரைப் பற்றி யோசியுங்கள். ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழு அறைகளும், கதவை மூடிப் படிக்கச் சில தனி அறைகளும், எந்நேரமும் காலியாகக் கிடைக்கும் தொலைபேசி அறைகளும் கொண்ட கலவைதான் இந்த வகை நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. மூத்தவர் பேசுவதைக் கேட்டுத்தான் இளையவர் தொழில் கற்கிறார். பயிற்சியில் இருப்பவர்களைக் கூடத்தின் கடைசியில் தனியாக உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

பேசுவது வெளியே கேட்காமல் அறை கட்டுவது எப்படி?

புது அலுவலகங்களில் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். பார்க்க அழகான கண்ணாடி அறை, உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கும்.

முதல் காரணம் சுவரின் உயரம். பெரும்பாலான பிரிப்புச் சுவர்கள் ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே கான்கிரீட் தளம் வரை வெற்றிடம். ஒலி சீலிங் பலகையைத் தாண்டி மேலே ஏறி, அடுத்த அறையில் இறங்குகிறது. சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. ரகசியம் பேசும் அறையின் சுவர் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை போய், விளிம்பு முழுவதும் ஒலித்தடுப்புப் பசையால் அடைக்கப்பட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதுங்கள்.

சுவரின் தடுப்புத் திறனை எஸ்.டி.சி. எண்ணால் சொல்வார்கள். 35 என்றால் உரத்த பேச்சு புரியும். 45-இல் சாதாரணப் பேச்சு புரியாது. 50-இல் உரத்த பேச்சே மங்கலாகத்தான் கேட்கும். இரும்புச் சட்டத்தின் இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டிரண்டு அடுக்கு, நடுவே 50 மி.மீ. ராக்வூல் எனும் பாறை இழைப் பஞ்சு வைத்தால் 50-ஐ ஒட்டி வரும். ராக்வூலை விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பது ஒப்பந்ததாரர்களின் வழக்கம். பலகை மூடும் முன் நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கதவு. உள்ளே கூடாக இருக்கும் கதவு 20-ஐத் தாண்டாது. சுவர் 50 இருந்து கதவு 20 இருந்தால் அறை கதவின் தரத்துக்குத்தான் இறங்கும். 40 மி.மீ.க்குக் குறையாத திடமான கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, மூடும்போது தானாக இறங்கித் தரையைத் தொடும் அடைப்பு என மூன்றும் வேண்டும். கதவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், அத்தனை செலவும் வீண். கண்ணாடி வேண்டுமென்றால் ஒற்றைக் கண்ணாடியைத் தவிர்த்து லாமினேட் செய்த 12 மி.மீ. போடுங்கள். அதுவும் 38-ஐ ஒட்டித்தான் தரும். வரவேற்பறையைப் பார்த்த பக்கத்தில் வேண்டாம்.

இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் மின் பிளக்குப் பெட்டிகள் முதுகோடு முதுகாக அமைவதும், இரு அறையையும் இணைக்கும் ஏ.சி. காற்றுக் குழாயும் மிச்சமுள்ள ஓட்டைகள். பெட்டிகளை அரை மீட்டராவது தள்ளி வைக்கவும், குழாயின் உள்ளே ஒலியுறிஞ்சும் பூச்சு இடவும் சொல்லுங்கள்.

ஒப்படைப்புக்கு முன் சோதனை செய்யுங்கள். மாலையில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். வெளியே, பக்கத்து அறையில், வரவேற்பறையில் ஒவ்வொருவர் நின்று கேட்ட சொற்களை எழுதட்டும். பகலில் சோதித்தால் ஏ.சி. இரைச்சல் குறையை மறைத்துவிடும்.

காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் ரூமில் எல்லோரும் சோர்ந்து போவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும். எட்டுப் பேர் ஒரு சின்ன அறையை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் 2,000-ஐத் தாண்டிவிடும். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்விக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அதனால் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. தலைக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வருகிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கி, 1,000-க்குக் கீழே நிற்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

மேசை மட்டத்தில் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். கணினித் திரை ஜன்னலுக்கு நேர் எதிரேயும் முதுகுப் பக்கமும் இல்லாமல், பக்கவாட்டில் அமைந்தால் கண் கூசாது. ஜன்னலோர இடம் முழுவதையும் மூத்தவர்களின் அறைகளுக்குக் கொடுத்து நடுக்கூடத்தை இருட்டாக்குவதைத் தவிருங்கள்.

காகிதக் கோப்புகளை என்ன செய்வது?

பெயர்வதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். புது இடத்தின் பரப்பை முடிவு செய்வதே இதுதான்.

எடையிலிருந்து தொடங்கலாம். 80 கிராம் தரமுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் உள்ள லீவர் ஆர்ச் கோப்பு அட்டையோடு சுமார் 3 கிலோ, முதுகு 7, 8 செ.மீ. ஒரு மீட்டர் தட்டில் 13 கோப்பு, 40 கிலோ. 90 செ.மீ. அகலம், ஐந்து தட்டு உள்ள அலமாரி நிறைந்தால் கோப்பு மட்டும் 180 கிலோ. அது நிற்கும் இடமோ மூன்றில் ஒரு சதுர மீட்டர். அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அலமாரிகளுக்கு இடையே நடைபாதை இருக்கும் வரை சராசரி குறைந்து தளம் தப்பிக்கிறது. தண்டவாளத்தில் நகரும் காம்பாக்டர் அலமாரி போட்டால் நடைபாதை மறைந்து, முழுப் பரப்பிலும் எடை ஏறுகிறது. அதற்குச் சதுர மீட்டருக்கு 750 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும் தளம் தேவைப்படும். கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மேல்மாடியில் காம்பாக்டரை வைக்காதீர்கள்.

பிறகு கழிவு. நடந்துகொண்டிருக்கும் கோப்பு, முடிந்தும் சட்டப்படி வைத்திருக்க வேண்டியது, காலம் கடந்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பதை உங்கள் தொழில் அமைப்பின் விதியும் வரிச் சட்டமும் காப்பீட்டு நிறுவனமும் சொல்லும். மூன்றில் நீளமானதை எடுங்கள். காலம் கடந்ததைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் இயந்திரத்தில் அழியுங்கள். ஆவண அழிப்புக்கான ஜெர்மானியத் தரநிலை டி.ஐ.என். 66399-இன் பி-4 நிலை, அதாவது ஒரு துண்டு 160 சதுர மி.மீ.க்கு மிகாதது, ரகசிய ஆவணத்துக்குப் போதும். வெளியாளிடம் கொடுத்தால் அழித்ததற்கான சான்றிதழ் வாங்குங்கள்.

ஸ்கேன் செய்ய 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) துல்லியம், எழுத்தைத் தேடும் வசதியோடு. நிமிடத்துக்கு 60 தாள் என்று இயந்திரத்தில் எழுதியிருப்பதை நம்பி மணிக்கு 3,600 என்று திட்டமிடாதீர்கள். பின் கழற்றுவது, மடிப்பு நீக்குவது, பெயரிடுவது, சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி தேறுவதே கடினம். இருபது கோப்புக்கு ஒன்றை எடுத்து மூலத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். உயில், கிரயப் பத்திரம், மூலக் கையெழுத்துள்ள ஒப்பந்தம் ஆகியவற்றை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அழிக்கவே கூடாது. உரியவருக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது தீப்பிடிக்காத பெட்டகத்தில் வையுங்கள்.

இணையம், கணினி விஷயத்தில் எங்கே சறுக்குகிறது?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு ஃபைபர் நிறுவனம்தான் வரும் என்று தெரியவரும். அல்லது புது இணைப்புக்கு மூன்று மாதம் ஆகும் என்பார்கள். கையெழுத்துக்கு முன்பே இணைப்பு தர முடியும் என்று இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு கேபிளும் கட்டடத்துக்குள் வெவ்வேறு வழியாக நுழைய வேண்டும். ஒரே குழியில் போனால் ஒரே தோண்டலில் இரண்டும் அறுந்துவிடும்.

உள்ளே கேபிள் இழுக்கும்போது இணையக் கருவிகள் இருக்கும் ராக்கிலிருந்து மேசைப் பெட்டி வரை 90 மீட்டர், இரு முனையிலும் கருவியோடு இணைக்கும் பேட்ச் கயிறு சேர்த்து 10 மீட்டர், மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேட் 6 கேபிள் 10 கிகாபிட் வேகத்தை 55 மீட்டர் வரைதான் தரும், கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் தரும். சர்வர் அறைக்குத் தனி ஏ.சி. கட்டாயம். கட்டடப் பொது ஏ.சி.யை இரவு எட்டு மணிக்கு நிறுத்திவிடுவார்கள், சர்வர் தூங்குவதில்லை. அங்கே வெப்பம் 18 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

பலர் மறப்பது பொது ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் அலுவலகத்தை அடையாளம் காட்டும் எண். இணைப்பு மாறினால் அந்த எண்ணும் மாறும். வங்கிகளும் பெரிய வாடிக்கையாளர்களும் உங்கள் பழைய எண்ணிலிருந்து மட்டும் உள்ளே விடும்படி அமைத்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை எல்லாம் இயங்கும், அந்தத் தளங்கள் மட்டும் திறக்காது. அவர்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு மாற்றித் தர வாரக்கணக்கில் ஆகலாம். புது எண்ணை ஒரு மாதம் முன்பே வாங்கி, பட்டியல் போட்டு எல்லோருக்கும் தெரிவியுங்கள். அலுவலகத்திலேயே இயங்கும் சர்வருக்கு, பெயரை ஐ.பி. எண்ணோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவு இருந்தால் அதன் டி.டி.எல். அளவை (மற்றவர்கள் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) இரண்டு நாள் முன்பு 300 நொடிக்குக் குறையுங்கள். பழைய இணைப்பை இரண்டு வாரம் துண்டிக்காமல் வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் எதை உற்றுப் பார்க்க வேண்டும்?

எத்தனை ஆண்டு வெளியேற முடியாது, அதன் பிறகு வெளியேற என்ன முன்னறிவிப்பு, ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு ஏறும், உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை விலக்கு உண்டா என்பவை எல்லோரும் கேட்பவை. கேட்காமல் விடுபவை வேறு. இரவு எட்டுக்கு மேல் ஏ.சி. வேண்டுமென்றால் மணிக்கு எவ்வளவு? வரித்தாக்கல் காலத்தில் நள்ளிரவு வரை உட்காரும் தணிக்கை நிறுவனத்துக்கு இது பெரிய தொகை. அதே தளத்தில் பக்கத்து இடம் காலியானால் முதலில் உங்களைக் கேட்பார்களா? காலி செய்யும்போது எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும்? “ஆரம்ப நிலைக்கு” என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் பின்னால் சண்டைதான். சாவி வாங்கும் நாளில் தேதியிட்ட புகைப்படங்கள் எடுத்து ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள்.

சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 16-ஐப் பின்பற்றும் நிறுவனங்கள், அது நடைமுறைக்கு வந்த 2019 ஜனவரி 1 முதல், ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைக் கடப்பாட்டை இருப்புநிலைக் குறிப்பில் கடனாகக் காட்ட வேண்டும். ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டால் வங்கிக் கடன் நிபந்தனையில் உள்ள விகிதங்கள் மாறலாம். கையெழுத்துக்கு முன் வங்கியிடம் பேசிவிடுங்கள்.

ஊழியர்கள் விலகிவிட மாட்டார்களா?

சிலர் விலகலாம். இடத்தை இறுதி செய்யும் முன் ஒவ்வொருவரின் வீட்டுப் பகுதியையும் எடுத்து, காலை நெரிசல் நேரத்தில் வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று பழையதற்கும் புதியதற்கும் கணக்கிடுங்கள். யாருக்காவது ஒரு வழிக்கு அரை மணிக்கு மேல் கூடினால் அவரோடு தனியாகப் பேசுங்கள். நேர மாற்றமோ வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களோ பெரும்பாலும் போதும். பொது அறிவிப்பில் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

முகவரி மாற்றத்தை யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

தொழில் உரிமம் தரும் அமைப்பு, வரித் துறை, நிறுவனப் பதிவாளர், வங்கி, தொழில்சார் பொறுப்புக் காப்பீடு, நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கின் நீதிமன்றம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர். இங்கே நேரும் சேதம் ஆபத்தானது. கெடு உள்ள அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், கெடு முடிந்த பிறகு கைக்கு வரும். சட்டத்தின் பார்வையில் அது உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படலாம். தபாலைத் திருப்பிவிடும் ஏற்பாட்டை ஓராண்டுக்குச் செய்யுங்கள். பழைய கட்டடத்துக்கு முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை ஆள் அனுப்புங்கள்.

பெயரும் வாரக்கடைசியை எப்படி நடத்துவது?

மாதக் கடைசியும் தாக்கல் கெடுவும் இல்லாத வாரமாகப் பாருங்கள். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் முடிய வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஆளுக்கு இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் புது இடத்தின் தளம், பகுதி, மேசை எண் மட்டும் எழுதுங்கள். ஆளின் பெயர் எழுதினால் சுமப்பவருக்குப் பயனில்லை. அதே எண்கள் புது இடத்தின் மேசைகளிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கோப்புகள் எண்ணிட்ட முத்திரைப் பூட்டோடு, மூடிய வண்டியில், நிறுவன ஆள் கூடவே போக வேண்டும். ஏற்றும்போது ஒரு கையெழுத்து, இறக்கும்போது முத்திரை எண்ணைச் சரிபார்த்து ஒரு கையெழுத்து. சர்வரை அணைக்கும் முன் முழு பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று முந்தைய வாரமே பார்த்திருக்க வேண்டும். சரக்கு லிஃப்டைக் கட்டட நிர்வாகத்திடம் முன்பதிவு செய்யுங்கள். இது இல்லாமல் வண்டிகள் வாசலில் நின்றே நாள் போய்விடும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

பெயர்வதற்கு மூன்று மாதம் முன்பே அளக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. மொத்த வேலை நேரத்தில் கட்டணமாக மாறிய பங்கு, ஒரு கோப்பைக் கேட்டுக் கைக்கு வர ஆகும் நிமிடம், அறை கிடைக்காமல் தள்ளிப்போன சந்திப்புகள், ராஜினாமாக்கள், வேலை தருவதாகச் சொன்னவர்களில் ஏற்றவர்கள். முதல் மாத எண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். குழப்பமும் புதுமை உற்சாகமும் அதில் கலந்திருக்கும். மூன்றாவது, ஆறாவது மாதங்களில் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஆறாவது மாதத்தில் குறை தெரிந்தால் திருத்தவும் வழி வேண்டும் என்பதால், உள்வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்து சதவீதத்தைத் தொடாமல் வைத்திருங்கள். எந்த அறை போதவில்லை, எது காலியாகவே கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நாங்கள் ஐந்தாறு பேர்தான். எங்களுக்கும் இத்தனையும் வேண்டுமா?

வேண்டாம். கோப்பைக் கழிப்பதும் முகவரி மாற்றமும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும், மற்றவை சுருங்கும். பலர் பகிரும் பொது அலுவலகத்தில் இடம் எடுப்பது உங்களுக்கு நல்ல வழியாக இருக்கலாம், ஒப்பந்தமும் குறுகியது. ஆனால் நான்கு விஷயங்களை நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அந்த முகவரியைத் தொழில் உரிமத்தில் பதிய உங்கள் அமைப்பு அனுமதிக்கிறதா, அச்சுப்பொறியில் உங்கள் தாள் நீங்கள் வந்து கடவு எண் அழுத்தும் வரை காத்திருக்குமா, உங்கள் அறையின் சாவி வேறு யாரிடம் இருக்கிறது, அறைச் சுவர் சீலிங்குக்கு மேலும் போகிறதா. கடைசியைத் தெரிந்துகொள்ள ஒரு சீலிங் பலகையை லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னாலே போதும்.